வீட்டுத் தோட்டத்தில் பசுமைக் குடில்



மழையின்றி உழவு இல்லை. ஆதலால்தான் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார் வள்ளுவர். எனினும், அளவு மீறிய மழை இளம்பயிருக்குப் பகையாகும். நம் நாட்டில் ஆண்டுதோறும் சராசரியாக ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. லயத்து வீட்டின் பின்புறம் கீரையும் மிளகாயும் பயிரிடும் நம் தோட்ட மக்கள், ஒரே மாலை மழையில் விதை அடித்துச் செல்லப்படுவதையும், நாற்று அழுகுவதையும் நன்கு அறிவர்.

இக்குறையைப் போக்கும் பொருட்டுச் சிலர், ஆள் உள்ளே நுழைந்து நிற்கத்தக்க சிறிய பிளாஸ்டிக் பசுமைக் குடிலை வாங்குகின்றனர். வாங்குமுன் அதன் இயல்பை அறிதல் நன்று. அறியாது வாங்கினால் பணமும் பயிரும் ஒருங்கே வீணாகும்.

குடில் தோன்றிய வரலாறு

பனி பெய்யும் நாடுகளில் பயிரைக் குளிரினின்று காக்கக் கண்ணாடி வீடுகள் அமைத்தனர். அவற்றிற்குச் செலவு மிகுதி. 1948ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மெர்ட் என்னும் பேராசிரியர், கண்ணாடிக்கு மாறாக மலிவான மென்தாளைப் போர்த்திக் குடில் அமைத்துக் காட்டினார். இங்கிலாந்தில் 1933இல் கண்டறியப்பட்ட பாலிதீன் பின்னர் இதற்குப் பெரிதும் பயன்படலாயிற்று.

வெப்பம் மிகுவது எங்ஙனம்?

கதிரவன் ஒளி பிளாஸ்டிக் தாளை ஊடுருவி உட்புகுந்து மண்ணையும் செடிகளையும் சூடாக்குகின்றது. அவற்றால் சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகின்றது. வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரினுள் அமர்ந்தோர் இதனை உணர்ந்திருப்பர்.

நம் சமவெளியில் பகல் வெப்பம் சாதாரணமாக 32 பாகை செல்சியசை எட்டும். மூடிய குடிலிலோ அது 40 பாகையையும் எளிதில் தாண்டும். 35 பாகைக்கு மேல் வெப்பம் நீடித்தால் தக்காளிப் பூக்கள் காய்க்காமல் உதிரும். குளிர்நாட்டாருக்குக் குடில் ஒரு போர்வை. நமக்கோ அது ஒரு குடை. கேமரன் மலையில் காணப்படும் பிளாஸ்டிக் கூரைகளும் மழையைத் தடுக்கவே பெரிதும் உதவுகின்றன.

கவனிக்க வேண்டியவை

1. இடம்: நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படுகின்ற, நீர் தேங்காத மேட்டு நிலம் ஏற்றது.

2. காற்றோட்டம்: முன்வாயிலும் பின்வாயிலும் பகல் முழுதும் திறந்திருத்தல் வேண்டும். பக்கங்களில் தரையிலிருந்து மூன்று அடிவரை தாளை நீக்கி வலை கட்டுக.

3. உறுதி: கால்களை ஒன்றரை அடி ஆழம் புதைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டுக, இன்றேல், புயற்காற்று குடிலைத் தூக்கிச் செல்லும். கூரை சரிவாகவும் விறைப்பாகவும் அமைதல் வேண்டும். தேங்கும் நீரின் பாரத்தால் சட்டம் வளையும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் அதில் முட்டையிடும்.

4. நீர்: குடிலினுள் மழை விழாது. ஆதலால், மண்ணைத் தொட்டுப் பார்த்துக் காலையில் வேரடியில் நீர் ஊற்றுக. கூரை நீரைப் பீப்பாயில் பிடிப்போர் அதனை இறுக மூடி வைத்தல் வேண்டும்.

5. பூச்சி: மழை படாத இலைகளில் சிலந்திப்பேனும் வெள்ளை ஈயும் பெருகும். இலையின் அடிப்புறத்தை அடிக்கடி பார்த்து, கண்டவுடன் நீரால் கழுவுக.

எவற்றைப் பயிரிடலாம்?

கீரை, சாவிக்கீரை, தக்காளி, மிளகாய், எல்லா வகை நாற்றுகள் ஆகியவை குடிலுக்கு ஏற்றவை. தக்காளி பூக்கும்போது செடியை மெல்ல அசைத்தால் மகரந்தம் உதிர்ந்து காய்பிடிக்கும். பூசணி, பீர்க்கு, பாகல் ஆகியவற்றிற்குத் தேனீயின் துணை வேண்டுமாதலின் அவற்றை வெளியில் நடுக. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை ஒரே மண்ணில் தொடர்ந்து நட்டால் வாடல் நோய் பற்றும். ஆகவே, இடையிடையே கீரையோ பயற்றங்காயோ பயிரிடுக.

கடைக் குடில்தான் வேண்டும் என்பதில்லை. கடன்பட்டு வாங்கவும் வேண்டா. ஆறு மூங்கிற்கால்களும், வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக் தாளும், சிறிது கயிறும் இருப்பின், தந்தையும் மக்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமைத்துவிடலாம். சாதாரணத் தாள் வெயிலில் விரைவில் நொறுங்கும் என்பதை நினைவிற் கொள்க.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

இரண்டு வெப்பமானிகளை வெயிலில் வைக்கவும். ஒன்றின்மீது பெரிய கண்ணாடிப் புட்டியைக் கவிழ்க்கவும். பத்து நிமிடம் கழித்து இரண்டின் அளவுகளையும் குறித்து ஒப்பிடுக. பின்னர்ப் புட்டியின் ஒரு பக்கத்தைக் கல் வைத்து உயர்த்தி மீண்டும் பார்க்கவும். காற்றோட்டத்தின் பயனை அவ்வெண்களே உங்களுக்குக் கற்பிக்கும்.

பள்ளியில் கற்ற அறிவியல் வீட்டுக் கொல்லையில் காயாகவும் கீரையாகவும் விளைதல் வேண்டும். பெற்றோரின் உழைப்பும் பிள்ளைகளின் அறிவும் இணையுமாயின், அடைமழைக் காலத்திலும் நம் அடுக்களைக்குப் பசுங்கீரை கிட்டும். முயல்வீர்! பயன் பெறுவீர்!