மெய்ப்பை

உடம்பை மூடும் சட்டைக்குத் தமிழில் 'மெய்ப்பை' என்றொரு பழஞ்சொல் உண்டு. முல்லைப்பாட்டில், பாசறையிலுள்ள யவனர் மெய்ப்பை அணிந்தவராகக் காட்டப்படுகின்றனர். உள்துணி வைத்த மேற்சட்டைக்கு இச்சொல் நன்கு பொருந்தும். அதுவும் பையைப் போல உட்புறம் வெளியே தெரியத் தைக்கப்பட்டு, இறுதியில் புரட்டப்படுகிறது.

தலையணை உறையும் குர்தாவும் தைக்கத் தெரிந்தவருக்கும், தில்லிக் குளிருக்கென ஒரு கதர் மேற்சட்டை தைப்பது புதிய வேலையே. கதர் முதல் சலவையில் சுருங்கும். உள்ளே வைக்கும் செயற்கை இழைத்துணி அவ்வாறு சுருங்காது. கதரை நனைக்காமல் வெட்டித் தைத்தால், ஒரே சலவையில் வெளித்துணி குறுகி, உள்துணி கீழே தொங்கும். ஆகவே துணியை முதலில் நனைத்து, உலர்த்தி, தேய்த்துக்கொள்ள வேண்டும். கத்தரி பட்ட துணியை மீண்டும் முழுத்துணியாக்க இயலாது. எனவே விலை குறைந்த காடாத் துணியில் ஒரு மாதிரிச் சட்டை தைத்து அணிந்து பார்ப்பது நலம். இதை வீண்வேலை எனத் தள்ளுவோர் பலர். ஆனால் தோள் பிடிப்பதும் அக்குள் இறுகுவதும் காகித அளவில் தெரிவதில்லை.

கையைப் பொருத்துவதே கடினமான பகுதி. கையின் மேல்வளைவு, அது பொருந்த வேண்டிய தோள்வளைவைவிடச் சற்று நீளமாகவே வெட்டப்படுகிறது. தோள் உருண்டையாதலின் அம்மிகுதி தேவைப்படுகிறது. மேல்வளைவில் நீண்ட ஓட்டுத்தையல் இரண்டு வரிசை இட்டு, நூலை மெல்ல இழுத்து, மடிப்பு விழாமல் மிகுதியைப் பரப்ப வேண்டும்.

உள்துணியை வெளித்துணியின் அளவிலேயே வெட்டலாகாது. முதுகின் நடுவில் ஏறத்தாழ 2 செ.மீ. ஆழமுள்ள மடிப்பு ஒன்று விடப்படுகிறது. அணிந்தவர் கைகளை முன்னே நீட்டும்போது அது விரிந்து இடம் கொடுக்கும். அஃதில்லாவிடில் உள்துணி அக்குளருகே கிழியக்கூடும்.

பின்னர் வெளிச்சட்டையும் உள்சட்டையும், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்க, கழுத்திலும் முன் ஓரங்களிலும் இணைக்கப்படுகின்றன. வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் இட வேண்டும். இல்லையேல் கழுத்து படியாது. கீழ்விளிம்பும் கைமுனைகளும் அதன்பின் இணைக்கப்படும். கைமுனையில்தான் பலரும் ஏமாறுவர். உட்புறம் வெளியே இருக்கையில், உள்கை ஒரு சுற்று முறுகியிருப்பது கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் குண்டூசி குத்தி, சட்டையைப் புரட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்து, சரியெனில் மீண்டும் திருப்பித் தைக்க வேண்டும்.

ஓர் உள்கையின் தையலில் மட்டும் 15 செ.மீ. அளவு திறந்து விடப்பட்டிருக்கும். முழுச் சட்டையும் அவ்விடைவெளி வழியே வெளியே இழுக்கப்படுகிறது. அதுவரை கசங்கிய துணிக்குவியலாகக் கிடந்தது, காலரும் கையும் உடையதாய் நிமிர்கிறது. திறப்பை நுண்ணிய கைத்தையலால் மூடித் தேய்த்தபின், காஜா எடுத்துப் பொத்தான் தைக்கலாம்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: மெய்ப்பை, பழஞ்சொல்.
2. உள்துணியின் முதுகில் மடிப்பு விடுவது ஏன்?
3. கைமுனையைத் தைக்குமுன் சட்டையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதன் காரணத்தை விளக்குக.