குக்குறுவான்

மாசி, பங்குனி மாதங்களில் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளில் "டுக், டுக், டுக்" என்னும் ஓசையை நாம் அடிக்கடி கேட்கிறோம். யாரோ செம்புப் பாத்திரத்தைத் தட்டுவது போலிருக்கும். அவ்வோசைக்கு உரியது செம்மார்புக் குக்குறுவான் என்னும் சிறு பறவை.

இது சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. நீளம் ஏறக்குறைய 17 செ.மீ. உடல் பச்சை, நெற்றியும் மார்பும் சிவப்பு, தொண்டை மஞ்சள். இத்தனை நிறங்கள் இருந்தும் இலைகளுக்கிடையே இதைக் காண்பது அரிது. கூவும்போது இது அலகைத் திறப்பதில்லை. தொண்டையின் இருபுறமும் தோல் உப்பி அடங்குகிறது. நிமிடத்திற்கு 100 முறைக்கு மேலும் ஒலிக்கும்! ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் இதன் தூரத்து உறவினருக்கும் இத்தகைய குரலே. ஆகவே ஆங்கிலேயர் அவற்றைப் பாத்திரம் பழுது பார்ப்பவர் பெயரால் 'டிங்கர்' பறவை என்றனர்.

ஆல், அரசு, அத்திப் பழங்களே இதன் முக்கிய உணவு, பூச்சிகளையும் உண்ணும். உண்ட பழங்களின் விதைகளைப் பல இடங்களில் பரப்பி, புதிய மரங்கள் தோன்றவும் உதவுகிறது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் கிண்டி தேசியப் பூங்காவும் இதற்கேற்ற இடங்கள்.

இனி, இதன் வீட்டைக் காண்போம். பட்டுப்போன கிளையிலோ, முருங்கை போன்ற மென்மையான மரத்திலோ, ஆணும் பெண்ணும் அலகால் கொத்திப் பொந்து அமைக்கின்றன. வாயில் பெரும்பாலும் கிளையின் அடிப்புறத்தில் இருப்பதால் மழைநீர் உள்ளே புகாது. 3 அல்லது 4 முட்டைகளை இரண்டும் மாறிமாறி அடைகாக்கும். மற்ற நாட்களில் இரவில் உறங்கவும் பொந்து பயன்படும்.

2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் நம் நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. அவற்றுக்கு ஈடாக நாம் கன்றுகளை நடலாம். ஆனால் இளங்கன்றில் பொந்து குடைய இடமில்லையே! எனவே முதிர்ந்த மரங்களைக் காப்பது அவசியமாகும். பாதையின் மேல் தொங்கும் பட்ட கிளையை வெட்டத்தான் வேண்டும். தோட்டத்து மூலையில் யாருக்கும் தீங்கின்றி நிற்பதை ஏன் வெட்ட வேண்டும்? வெட்டியே தீர வேண்டுமாயின், முதலில் அதன் அடிப்புறத்தில் வட்டமான துளை உண்டா என்று பார்ப்போம். துளை இருந்தால், குஞ்சுகள் பறந்து செல்லும்வரை பொறுத்திருப்போம்.