கல் பொறுக்கிய பிறகுதான் மிஷின்

செஞ்சியில் புல்வெட்டும் மிஷின் ஓட்ட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது கல்லைப் பற்றித்தான். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதை யாரும் ஒரு காலைப்பொழுதில் பழகிவிடலாம். இந்த ஊர் மண்ணைப் படிக்கப் பழகத்தான் நாளாகும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று பக்கமும் பாறை. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து அந்தப் பாறைகள் ஏடு ஏடாகப் பெயர்கின்றன. பெயர்ந்த சில்லுகள் மழைநீரோடு அடிவாரத்துக்கு இறங்குகின்றன. மேல்மண் கரையும்போது அடியில் புதைந்திருந்த கற்களும் தலை நீட்டும். போன வாரம் பொறுக்கிச் சுத்தமாக வைத்த லானில், ஒரு நல்ல மழைக்குப் பிறகு மறுபடி ஒரு வாளிக் கல் கிடைக்கும். ஒருமுறை பொறுக்கினால் தீர்ந்தது என்று நினைக்க இங்கே வழியில்லை.

கல்யாண மண்டபம், பள்ளிக்கூட வளாகம், திண்டிவனம் சாலைப் பக்கத்துத் தங்கும் விடுதி என்று நான் வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் 21 அங்குல பிளேடு போட்ட, பின்னால் நடந்து தள்ளும் மிஷின்தான். அந்த பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். அதன் முனை ஒரு சுற்றில் போகும் தூரம் ஏறக்குறைய 1.68 மீட்டர். கணக்குப் போட்டால் முனையின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் அடிபடும் புளியங்கொட்டை அளவுக் கல், எதிரில் காலிருந்தால் காலையும் கண்ணாடியிருந்தால் கண்ணாடியையும் பதம் பார்க்கும். ஒரு மண்டபத்தில் வேறொரு குழு வெட்டிக்கொண்டிருந்தபோது, நிறுத்தி வைத்திருந்த காரின் பின்கண்ணாடி நொறுங்கியதைப் பார்த்தேன். கார் நல்ல தூரத்தில்தான் நின்றிருந்தது. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் மிஷினை வண்டியிலிருந்து இறக்கும் முன் லான் முழுவதும் நடக்க வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் இதற்கு நல்லது. சின்னக் கல்லுக்குக்கூட நிழல் விழும், கண்ணில் படும். கிழக்கு மேற்காக ஒருமுறை, வடக்கு தெற்காக ஒருமுறை நடக்கிறோம். கையில் வாளியும் இரும்பு வாரியும். பெயர்க்க முடியாமல் மண்ணில் ஊன்றி நிற்கும் கல், தண்ணீர்க் குழாயின் வால்வு, ஸ்பிரிங்ளர் தலை, விளக்குக் கம்பத்தின் அடி, இவற்றின் பக்கத்தில் ஆளுயரக் குச்சியில் சிவப்புத் துணி கட்டி நடுகிறோம். வெட்டும்போது புல்லுக்குள் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மிஷினின் பின்னால் நடக்கிறவர் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும்.

முகூர்த்த மாதங்களில் மண்டப லானில் கிடைப்பவை வேறு வகை. பந்தல் கட்டிய கட்டுக்கம்பித் துண்டு, ஆணி, சீரியல் லைட் ஒயர், உடைந்த சோடா பாட்டில், தேங்காய் ஓடு. இவற்றில் நான் மிகவும் பயப்படுவது கட்டுக்கம்பிக்குத்தான். கல் பிளேடில் பட்டால் சத்தம் கேட்கும், உடனே நிறுத்திவிடலாம். கம்பி சத்தமில்லாமல் பிளேடு மாட்டியிருக்கும் தண்டில் சுற்றிக்கொள்ளும். சுற்றி இறுகி ஆயில் சீலை அறுத்துவிடும். சில நாள் கழித்து மிஷினின் அடியில் ஆயில் கசியும்போதுதான் தெரியவரும். அறுந்து தெறிக்கும் துண்டு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நடப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாறை நிறைந்த ஊர் என்பதால் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இங்கே அபூர்வமில்லை. வாரியால் புல்லைத் தட்டிக்கொண்டே போனால், பாம்பும் ஓணானும் தவளையும் ஒதுங்கிப் போக நேரம் கிடைக்கும். கையை நேராகப் புல்லுக்குள் விட்டுக் கல் எடுக்கக் கூடாது. முதலில் வாரியால் புரட்டிவிட்டு, பிறகு கையுறை போட்ட கையால் எடுக்க வேண்டும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் போட்டு வாட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி பெருக்கெடுத்து ஓடியது. வெள்ளம் வடிந்த லான் மேலே பார்க்கப் பச்சையாக, முன்பைவிடச் செழிப்பாகக்கூட இருக்கும். உள்ளே வண்டல், சரளை, முள்வேலிக் கம்பி, கண்ணாடி எல்லாம் படிந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மிஷினை இறக்கவே கூடாது என்பது என் முடிவு. முதல் வெட்டை அரிவாளால் வெட்டி, வாரி, மண் இறுகிய பிறகுதான் பிளேடு. வேலை கொடுப்பவர்கள் அவசரப்படுத்தினாலும் இதில் நான் இறங்கிப் போவதில்லை.

வெட்டத் தொடங்கும்போது பிளேடின் உயரத்தைச் சரிசெய்யும் லீவரை மேல் பல்லில் வைத்துக்கொள்ளுங்கள். தவறிப்போன கல் ஏதாவது இருந்தால், உயர்ந்த பிளேடு அதைத் தாண்டிப் போக வாய்ப்பு அதிகம். புல்லுக்கும் அதுதான் நல்லது. ஒரே வெட்டில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் வேர் சோர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் கொரியன் புல்லை ஒட்ட வெட்டி, மஞ்சளாகப் போனதும் தோட்டக்காரரைத் திட்டுவது இங்கே வழக்கமாக நடக்கிறது. வெயில் மாதங்களில் ஒரு பல் உயர்த்தி வெட்டினால் மண்ணுக்கு நிழல் கிடைக்கும், தண்ணீரும் மிச்சம்.

புல் வெளியே தள்ளும் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது எப்போதும் மனதில் இருக்க வேண்டும். சாலை, கார், கண்ணாடிக் கதவு, வேடிக்கை பார்க்கும் ஆட்கள், எதன் பக்கமும் அது திரும்பக் கூடாது. லானின் ஓரத்தில் முதல் இரண்டு சுற்று, வாய் உள்பக்கம் பார்க்கும்படி வெட்டினால், தெறிப்பவை லானின் உள்பக்கமே போகும். பை மாட்டி வெட்டினால் இன்னும் நல்லது. வாயை மூடும் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் புல் அடைக்காது, வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கல் தெறிக்கும் கோணத்தைக் கீழ்நோக்கி வைத்திருப்பதே அந்தத் தகடுதான்.

கைப்பிடியில் இருக்கும் லீவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பிடித்திருக்கும் வரைதான் பிளேடு சுற்றும், விட்டால் நிற்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோக மிஷின்களுக்கு 1982-லேயே இதைச் சட்டமாக்கினார்கள்: கையை எடுத்த 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும். கை வலிக்கிறது என்று இங்கே பலர் அதைக் கட்டுக்கம்பியாலோ சைக்கிள் டியூபாலோ கைப்பிடியோடு கட்டிவிடுகிறார்கள். வாடகைக்கு வரும் பழைய மிஷின்களில் கட்டியபடியே வந்து சேர்வதும் உண்டு. நான் முதலில் செய்வது அந்தக் கட்டை அறுப்பது. கால் வழுக்கி விழும் மனிதன் எதையும் யோசித்துச் செய்வதில்லை, அவன் கை தானாக விடுபடும். அப்படி விடுபட்ட கையே பிளேடை நிறுத்தும்படிதான் அந்த லீவரை அமைத்திருக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஒரு பையன், "அண்ணா, கேபிள் இறுக்கமா இருக்கு, அதான் கட்டினேன்" என்றான். "கேபிளுக்கு ஆயில் விடு தம்பி, இல்லன்னா மாத்திடலாம். கட்டாதே" என்றேன். புதுக் கேபிளின் விலை ஆஸ்பத்திரியின் ஒரு நாள் செலவுக்குக்கூட வராது.

உடையில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை மூன்று: விரலை மூடும் கெட்டியான ஷூ, கண்ணை மூடும் கண்ணாடி, முழுக்கால் பேன்ட். செருப்பும் கைலியும் கழுத்தில் துண்டும் வயல் வேலைக்குச் சரி, சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் சரியில்லை. பெட்ரோல் இன்ஜின் சத்தம் 90 டெசிபல் வரை போகும். நாள் முழுக்க அதன் பின்னால் நடப்பவர்களின் காது மெதுவாக மந்தமாகிறது. நாற்பது வயதில் பேரம் பேசுவதே காதில் விழாமல் போன மூத்த தொழிலாளர்களைப் பார்த்திருக்கிறேன். காதில் அடைக்கும் பஞ்சுருளை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. ஆளோ ஆடோ 15 மீட்டருக்குள் வந்தால் லீவரை விட்டுவிட வேண்டும். அவர்கள் கடந்து போகட்டும், பிறகு வெட்டலாம்.

பழைய கட்டடங்களின் பக்கத்தில் வெட்டுவது தனி விஷயம். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் சேர்ந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மஹாலைச் சுற்றியிருக்கும் பசும்புல்லைப் பார்த்து ரசிக்கிறவர்கள், அந்தச் சுவர்களின் சுண்ணாம்புக் காரையையும் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கல் தெறித்துக் காரை பெயர்ந்தால் அதை யாரும் பழையபடி கொண்டுவர முடியாது. மிஷின் சக்கரம் உரசினாலும் அதே கதி. கோட்டையோ, ஊருக்குள் இருக்கும் பழைய கோயில் மதிலோ, சுவரிலிருந்து இரண்டடி விட்டுத்தான் மிஷின் போக வேண்டும். அந்த இரண்டடியை அரிவாளாலோ கைக் கத்தரியாலோ வெட்ட வேண்டும். நைலான் கயிறு சுற்றும் பிரஷ் கட்டரையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. அதுவும் காரையைச் சுரண்டும், கல்லையும் தெறிக்கவிடும்.

அடிவாரத்து லான்கள் பெரும்பாலும் சரிவு. தள்ளும் மிஷினைச் சரிவுக்குக் குறுக்காக ஓட்ட வேண்டும். மேலும் கீழுமாக ஓட்டினால், ஏறும்போது மிஷின் நம் மேல் வரும், இறங்கும்போது நாம் அதன் மேல் விழுவோம். 15 டிகிரிக்கு மேல் சரிந்த இடத்தில் அரிவாள்தான். ஈரப் புல்லில் வெட்டுவதும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் வந்து பனி காயும் வரை காத்திருக்கிறோம். வாயில் புல் அடைத்தால் இன்ஜினை நிறுத்தி, பிளேடு நின்றதைப் பார்த்து, குச்சியால்தான் எடுக்க வேண்டும். மிஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் நடக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பிளேடைத் தொடும் முன் பிளக் ஒயரைக் கழற்றித் தள்ளி வைப்பது, யாருக்காகவும் எதற்காகவும் தளர்த்தக் கூடாத விதி. இந்த வகை மிஷின்களில் பெரும்பாலும் பிளேடு நேராக இன்ஜின் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. பிளேடைக் கையால் திருப்பினால் இன்ஜினும் திரும்பும், சூடான இன்ஜின் அந்த ஒரு திருப்பலில் ஒருமுறை வெடித்தாலே விரல் போய்விடும். ஒயரைக் கழற்றியபின் பெட்ரோல் திருகை மூடி, ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி மிஷினைச் சாய்க்க வேண்டும். தலைகீழாகச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். பிளேடுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு மரக்கட்டை வைத்து போல்ட்டைக் கழற்றலாம்.

சாணை பிடிக்கும்போது பழைய கோணத்தையே பின்பற்றுங்கள், ஏறக்குறைய 30 டிகிரி. கத்தி போலக் கூராக்கினால் முதல் கல்லிலேயே மடங்கும். இரண்டு முனையிலும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையை மாட்டிப் பார்த்தால், எந்தப் பக்கம் கனம் என்று தராசுத் தட்டு போலச் சாய்ந்து காட்டும். கனம் சமமில்லாத பிளேடு மிஷினை உதறும், பேரிங் தேயும், ஓட்டுகிறவர் கை மரத்துப்போகும். வளைந்த பிளேடைப் பட்டறையில் தட்டி நிமிர்த்துவதோ, விரிசலுக்கு வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது. 300 கிலோமீட்டர் வேகத்தில் வெல்டிங் விட்டால் பறப்பது கல்லல்ல, இரும்பு. அந்த பிளேடை இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டாமல் இருப்பார்கள்.

இவ்வளவு பார்த்தும் கல்லில் மோதிவிட்டால், தொடர்ந்து ஓட்டாமல் நிறுத்துங்கள். பிளேடு வளைந்திருக்கிறதா, தண்டு கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, கயிறு வெடுக்கென்று கையை இழுக்கிறது என்றால் கார்புரேட்டரைப் பிரித்துப் பொழுதைப் போக்காதீர்கள். மோதலில் பிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் கீ நசுங்கியிருக்கும், பிளக் நெருப்பு விடும் நேரம் தப்பியிருக்கும். சில இன்ஜின்களில் இந்தச் சின்ன கீயை மென்மையான உலோகத்தில் செய்திருப்பதே, தண்டுக்கு முன் அது நசுங்கட்டும் என்றுதான்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய மிஷின்கள் பலவற்றின் மேனுவலில் 10 சதவீதம் வரைதான் அனுமதி. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயை ஊறவைக்கும். ஒரு மாதம் ஓட்டாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கை வடித்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டி, கார்புரேட்டரைக் காலியாக்கி வையுங்கள். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்ற வேண்டாம், மூடிய ஷெட்டுக்குள் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். கோடைப் புழுதியில் ஏர் ஃபில்டரை மேனுவல் சொல்வதைவிட அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். இன்ஜினின் குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே காய்ந்த புல் அடைந்தாலும் அக்னி நட்சத்திர வெயிலில் இன்ஜின் வெந்துபோகும். புது மிஷினின் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள், அதில்தான் இரும்புத் தூள் இருக்கும்.

ரேட் பேசும் இடத்திலேயே பாதுகாப்பு கெட்டுப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை சென்ட் லானுக்கு இத்தனை ரூபாய் என்று பேசினால், கல் பொறுக்கும் நேரம் தொழிலாளியின் தலையில் விழுகிறது. அவர் அதைத்தான் முதலில் குறைப்பார், வேறு வழியும் அவருக்கு இல்லை. நான் இப்போது கல் பொறுக்கும் கூலியைத் தனி வரியாக எழுதித்தான் ரேட் கொடுக்கிறேன். சில மண்டபக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், வாளியில் சேர்ந்த கல்லையும் கம்பியையும் அவர்கள் முன் கொட்டிக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள். லான் வைத்திருப்பவர்கள், வெட்டுகிறவர் கேட்காவிட்டாலும் அந்த அரை மணி நேரக் கூலியை நீங்களாகவே சேர்த்துக் கொடுங்கள்.