கண்ணை மூடினால் வழி தெரியுமா?

கேள்வி: தினமும் தியானம் செய்கிறேன். உள்மனம் என்ன சொல்கிறது என்றே பிடிபடவில்லை. வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி ஒருவர், தேனி

பதில்: உட்கார்ந்ததும் அசரீரி ஒலிக்க வேண்டும் என்றால் எப்படி? 1892 டிசம்பரில் குமரிமுனைப் பாறையில் தியானத்தில் அமர்ந்தாரே விவேகானந்தர், அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் நாடெங்கும் அலைந்தவர். அரண்மனையிலும் தங்கினார், ஏழைகளின் குடிசையிலும் படுத்தார். வழியெல்லாம் கண்ட பசியும் வறுமையும்தான் பாறையில் அவருக்குள் பேசின. (உள்ளே சரக்கு இருந்தால்தானே மனம் பேசும்!) அப்புறமும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாள் முதலானோர் வீடு வீடாக ஏறி நிதி திரட்ட, 1893 மே மாதம் பம்பாயில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

தியானத்தை விட்டுவிடாதீர்கள். கூடவே, வாரம் ஒருநாள் பக்கத்து அரசுப் பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய் ஏதாவது வேலை செய்யுங்கள். எதில் நேரம் போனதே தெரியவில்லை என்று அன்றிரவே குறித்து வையுங்கள்.