பாலூட்டும் ஆடும் அடுத்த ஈற்றும்

ஆட்டை ‘ஏழையின் பசு’ என்பர். ஆடு விற்ற பணத்தில் கல்லூரிக்கு வந்தோர் நம்மிடையே பலருண்டு. நம் பகுதியின் தனி இனம் சேலம் கருப்பு ஆடாகும்.

ஈன்ற ஆடு உடனே பருவத்துக்கு வராதது ஏன்? குட்டி மடியை முட்டிப் பால் குடிக்கும்போது எழும் உணர்வு, நரம்புகள் வழியே மூளையை அடைகிறது. பிட்யூட்டரி சுரப்பி, பாலை ஊறச் செய்யும் புரோலாக்டினை மிகுதியாக வெளியிடுகிறது. அதே வேளையில் எல்.எச். என்னும் ஹார்மோன் குறைகிறது. அதனால் அண்டகத்தில் நுண்பைகள் தோன்றினாலும் முதிர்ந்து வெடிப்பதில்லை. முட்டை வெளிவராததால் கார்ப்பஸ் லூட்டியம் உண்டாவதில்லை. இரத்தத்தில் புரொஜெஸ்டிரோனும் தாழ்ந்தே இருக்கிறது. தீனிக் குறைவு இந்நிலையை மேலும் நீட்டிக்கும்.

இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று வேண்டுமெனில், ஓர் ஈற்றுக்கு 8 மாதமே கிடைக்கும். சினைக்காலம் 5 மாதம் போக எஞ்சுவது 3 மாதம். ஆகவே பாலூட்டும் ஆட்டுக்குப் பசுந்தழையும் கடலைக்கொடியும் சிறிது புண்ணாக்கும் தருதல் வேண்டும். குட்டிகள் தழை தின்னப் பழகியதும், பாலைப் படிப்படியாகக் குறைத்து, மூன்று மாதத்துக்குள் மறக்கச் செய்தல் நலம்.

‘இது சினைக்கு நிற்காத ஆடு’ என்று சந்தைக்கு ஓட்டுமுன், அதன் மடியையும் வயிற்றையும் ஒருமுறை பார்ப்போமாக!