வக்கீல் மீது புகார்: செலவுத்தொகை எவ்வளவு கிடைக்கும்?

சரக்கு இறங்கியதும் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று தனித்தனியாகச் சிட்டையில் எழுதுகிறோம். வழக்குச் செலவை மட்டும் "வக்கீலுக்குக் கொடுத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இதனால் நமது சங்க உறுப்பினரான மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறோம்.

பழைய பாக்கிக்காக அவர் வாங்கிய 85,000 ரூபாய் செக் பணமில்லாமல் திரும்பியது. அந்தத் தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீல் பீஸ் வாங்கினார், நோட்டீசும் அனுப்பினார். வழக்கை மட்டும் போடவில்லை. "போட்டாச்சு, வாய்தா வரும்" என்றே எட்டு மாதம் ஓடியது. கோர்ட்டில் விசாரித்தால் அப்படி ஒரு நம்பரே இல்லை. (தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னித்து வழக்கை ஏற்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் அது. நண்பர் அதை அறியவில்லை.)

கோபத்தில் சென்னையிலுள்ள பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதினார். ஒரு வருடம் நெருங்கும் சமயம் ஒழுங்கு நடவடிக்கைக் குழு வக்கீல் மீது தவறு என்று கண்டது. அவரைக் கண்டித்து, நண்பருக்கு 4,000 ரூபாய் செலவுத்தொகை தரச் சொன்னது. நண்பர் கேட்டிருந்ததோ 1,05,000. "தப்பு நிரூபணமாச்சே அண்ணாச்சி, பணம் எங்கே?" என்று நம் கடைக்கு வந்து நின்றார்.

அவருடைய கணக்கை நாம் பிரித்துப் பார்த்தோம். 85,000 செக் பணம், 6,000 வக்கீல் பீஸ், 14,000 விசாரணைச் செலவு. 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவின்படி குழு புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், சில காலம் தொழிலை நிறுத்தலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். நமது நஷ்டத்தை வாங்கித் தருவது அந்தப் பட்டியலில் இல்லை. செக் பணத்துக்கும் பீசுக்கும் சிவில் கோர்ட்டுதான் வழி. நுகர்வோர் கோர்ட்டும் உதவாது. வக்கீல் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

மிஞ்சியது 14,000. இதற்குத்தான் 43-வது பிரிவு. அந்தக் குழுவின் முன் நடந்த விசாரணைக்கான செலவை, தகுந்ததென்று பட்ட அளவில், குழு விதிக்கலாம். பிரிவில் தொகை எதுவும் குறிப்பிடவில்லை. ஆகவே கையிலுள்ள காகிதம்தான் பேசும். நண்பர் சென்னைக்கு ஐந்து தடவை போனதாக 5,000 போட்டிருந்தார். டிக்கெட் இருந்தது இரண்டு தடவைக்கு. டைப்பிங், ஜெராக்ஸ், பதிவுத்தபால் 1,500 என்றார்; சீட்டு 600 ரூபாய்க்கு. விசாரணைக்கு வைத்த வக்கீலுக்கு 2,500 கொடுத்ததில் ரசீது 1,500-க்கு. கடை அடைத்த நாள் வியாபாரம் என்று 5,000 எழுதியிருந்தார், ஆதாரம் ஒன்றும் இல்லை. சீட்டு உள்ளதைக் கூட்டினால் 4,100. குழுவைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

செலவு உத்தரவை லேசாக எண்ண வேண்டாம். மாநில பார் கவுன்சில் குழுவின் உத்தரவை ஹைகோர்ட் உத்தரவு போலவே நிறைவேற்றி வசூல் செய்யலாம். வக்கீல் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல் போகலாம். ஆனால் அப்பீல் போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது, தனியாகத் தடை வாங்க வேண்டும். இன்னொன்று, செலவு யார் மீதும் விழலாம். பொய்ப் புகார் கொடுத்தவர் தாமே கட்ட நேரலாம்.

பழைய வக்கீல் பீஸ் பாக்கி என்று கட்டைத் தர மறுத்தார். பீசுக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்பது 2000-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அதைக் குறிப்பிட்டு எழுதியதும் கட்டு வந்துவிட்டது. கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைத்து, கேட்டால் நகல் தரவேண்டும் என்பதும் பார் கவுன்சில் விதிதான். அதை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

செக் பணத்துக்குச் சிவில் வழக்குப் போட 3 வருடக் கெடுவில் இரண்டு மாதமே மீதி இருந்தது. போட்டுவிட்டார். புது வக்கீலிடம் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்கித் தனி நோட்டில் ஒட்டி வருகிறார்; பஸ் டிக்கெட்டும் அதில்தான்.