கையேடு எழுதும் தொண்டர்கள்

கட்டடம், பாலம், இருப்புப்பாதை முதலிய பொதுப்பணிகளுக்கு மேற்பார்வையாளரைப் பயிற்றுவிக்கும் நோக்குடன் 1854ஆம் ஆண்டில் தோன்றியது புனேயின் பொறியியற் கல்லூரி. அங்கு 2011 நவம்பர் 4 முதல் 6 வரை வேறொரு வகைப் பொதுப்பணியில் ஈடுபட்டோர் கூடினர். ஃபெடோரா என்னும் கணினி இயங்குதளத்தை உருவாக்குவோரும் பயன்படுத்துவோரும் அவர்கள். 2015 ஜூன் திங்களில் அதே நகரில் மீண்டும் ஒரு கூட்டம் நடைபெற்றது. இத்தகைய கூட்டங்களில் நிரல் எழுதுவோருக்கே முதல் மதிப்புக் கிடைப்பது இயல்பு. அந்நிரலைப் பிறர் கையாள வழிகாட்டும் கையேடுகளை எழுதுவோர் பெரும்பாலும் பின்வரிசையில் இருப்பர். எனினும், கையேடு இல்லாத இயங்குதளம் அதனை ஆக்கியோருக்கும் அவர்தம் நண்பர்களுக்கும் அப்பால் பயன்படுவது அரிது.

ஃபெடோராவின் முதல் வெளியீடு 2003 நவம்பரில் வந்தது. இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இதற்கு ஆதரவளிக்கும் ரெட் ஹேட் நிறுவனத்தின் பொறியியல் மையம் ஒன்று புனேயில் உள்ளது. 1988இல் நிறுவப்பட்ட சி-டாக் என்னும் அரசு ஆய்வு மையத்தின் தலைமையிடமும் இந்நகரே. இந்திய மொழிகளைக் கணினியில் ஏற்றும் பணி அங்கு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இவற்றோடு புனே லினக்ஸ் பயனர் குழுவும், சிம்பயாசிஸ் கல்வி நிறுவன மாணவர்கள் நடத்திய மாநாடுகளும் சேர்ந்தமையால், தொண்டு செய்ய முன்வரும் இளைஞருக்கு இங்குத் துணை எளிதிற் கிடைத்தது.

விரைந்து முதிரும் ஏடு

பாடநூல் ஒன்று சில ஆண்டுகளேனும் நிலைத்து நிற்கும். இயங்குதளக் கையேட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஃபெடோராவின் புதிய பதிப்பு ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 திங்கள் வரையே திருத்தங்கள் வழங்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மென்பொருளை நிறுவுவதற்கு ஃபெடோராவில் 'யம்' என்னும் கட்டளை வழக்கில் இருந்தது. 2015 மே திங்களில் வெளிவந்த 22ஆம் பதிப்பில் அதன் இடத்தை 'டி.என்.எஃப்.' பெற்றது. பழைய கட்டளையை இட்டாலும் கணினி அதனைப் புதியதற்கே திருப்பிவிட்டது. ஆகவே பழைய பக்கங்கள் முற்றிலும் பயனற்றுப் போகவில்லை. அதுவே இடராகவும் முடிந்தது எனலாம். முற்றும் பொய்த்த பக்கத்தை எவரேனும் உடனே சுட்டிக்காட்டுவர். பெரும்பகுதி மெய்யாகவும் சிறுபகுதி பிழையாகவும் உள்ள பக்கமோ நெடுநாள் அப்படியே கிடக்கும். வட்டினைப் பகுதிகளாகப் பிரிக்கும் இயலில் இத்தகைய பிழை நேருமாயின், படிப்பவர் தம் தரவு அனைத்தையும் இழக்க நேரிடும். கணினி நிருவாகிக்குரிய உரிமையுடன் இடப்படும் கட்டளையைப் பற்றி எழுதுபவர், அதனைத் தாமே ஒருமுறை இட்டுப் பார்க்காமல் எழுதலாகாது.

எழுதும் முறை

ஃபெடோரா கையேடுகள் தொடக்கத்தில் 'டாக்புக்' என்னும் கடினமான குறியீட்டு முறையில் எழுதப்பட்டன. பின்னர் எளிய 'ஆஸ்கிடாக்' முறைக்கு அவை மாறின. புதியவரைத் தயங்கச் செய்த தடைகளுள் ஒன்று இதனால் நீங்கிற்று. எழுதியவை 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் வைக்கப்படுகின்றன. யார், எந்நாளில், எவ்வரியை மாற்றினார் என்பது அதில் பதிவாகிறது. ஒருவர் அனுப்பும் திருத்தத்தை மற்றொருவர் ஆய்ந்த பின்னரே அது வெளியாகிறது.

இப்பணிக்குத் தேர்ந்த நிரலாளரே வேண்டும் என்பதில்லை. சொல்லப்போனால், தேர்ந்தவருக்குத் தாம் எவ்விடத்தில் தடுமாறினோம் என்பது மறந்துவிடுகிறது. இயங்குதளத்தை முதன்முறையாக நிறுவும் மாணவர், கையேட்டில் விடுபட்ட படியை அன்றே குறித்துக்கொண்டால் அக்குறிப்புக்கு மதிப்பு மிகுதி. ஒரு திங்கள் கழித்து அந்தப் படி அவருக்கே புலப்படாது.

மொழிபெயர்ப்பின் சிக்கல்

மராத்தியிலும் தமிழிலும் கையேடு வேண்டுமெனில் முதலில் எழுத்துரு வேண்டும். 2004இல் ரெட் ஹேட் வெளியிட்ட 'லோகித்' எழுத்துருக்கள் இவ்விரு மொழிகளுக்கும் கட்டற்ற உரிமத்தில் கிடைத்தன. அடுத்த தடை நுட்பமானது. மொழிபெயர்ப்புக் கருவிகள் மூல ஆவணத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்து வைக்கின்றன. ஆங்கிலப் பத்தியில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், அதற்குரிய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்பட்டு மீண்டும் சரிபார்ப்புக்கு வந்து நிற்கும். மூல ஆசிரியர் அழகு கருதிச் செய்யும் சிறு திருத்தம் பல மொழித் தொண்டர்களின் மாலைப்பொழுதை விழுங்கிவிடுகிறது. வெளியீட்டுக்குச் சில கிழமைகள் முன்பே மூலச் சொற்களை மாற்றாமல் நிறுத்தி வைக்கும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

மைய அரசு 2015இல் திறந்த மூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை அறிவித்தது. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் இவ்வகையினதே. உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் வட்ட அலுவலகத்தில் பணியாற்றும் எழுத்தர், அச்சுப்பொறி இயங்காதபோது எந்தப் பக்கத்தைப் புரட்டுவார், அப்பக்கம் எம்மொழியில் இருக்கும் என்பதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும். கல்லூரித் தொண்டர்கள் பட்டம் பெற்றதும் பிரிந்து செல்கின்றனர். அவர்கள் எழுதிய பக்கத்தை அடுத்த பதிப்பு வெளிவரும்போது புதுப்பிக்கப் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்து அமர்த்துவது துறைகளால் இயலாத செயலன்று.